அகலம் யாருக்கு? அகன்ற கணினித்திரையும் தமிழ்ப் பனுவலும்: ஒரு திறனாய்வு

“டீச்சர், எழுத்து ஒண்ணுமே தெரியல. கோடு கோடா ஓடுது.”

இயங்கலையில் மீள்பார்வை வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி புலனத்தில் இப்படி எழுதினாள். கூடவே தன் கைப்பேசியில் தெரிந்ததைப் படம்பிடித்தும் அனுப்பியிருந்தாள். என் மேசையில் இருந்தது 49 அங்குல அகன்ற திரை. இடப்பக்கம் கருத்துணர்தல் பனுவல், நடுவில் கேள்விகள், வலப்பக்கம் விடைக்குறிப்பு என்று அழகாக அடுக்கி வைத்து, முழுத் திரையையும் அப்படியே பகிர்ந்திருந்தேன். அவள் கையில் அது விரல் அகலப் பட்டையாகத் தெரிந்தது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். அந்தத் திரையின் அகல உயர விகிதம் 32:9. நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியின் அகலம் 7 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் என் திரையின் உயரம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த 2 சென்டிமீட்டருக்குள் மூன்று பக்கத் தமிழ்! சாதாரண 16:9 திரையைப் பகிர்ந்திருந்தால் உயரம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கிடைத்திருக்கும்.

அண்மைக் காலமாக ஆசிரியர் குழுக்களில் இந்த அகன்ற திரைகளைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். “ஒரு தடவை வாங்கிப் போட்டா திரும்ப சின்னத் திரைக்கு வரவே மாட்டீங்க” என்று சொல்பவர்களும் உண்டு. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் புதிது வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். சில மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இது விலை விவரமோ விளம்பரமோ அல்ல. தமிழ் படிக்கவும் படிப்பித்துக் கொடுக்கவும் இந்த அகலம் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி.

கருவியைப் பற்றிச் சில விவரம்

சந்தையில் பரவலாக இருப்பவை இரண்டு அளவு. 34 அங்குலத் திரை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலம். 3440 × 1440 பிக்சல். 49 அங்குலத் திரை ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் அகலம். 5120 × 1440 பிக்சல். இரண்டின் உயரமும் 33 சென்டிமீட்டரை ஒட்டித்தான். அதாவது 49 அங்குலம் என்பது இரண்டு 27 அங்குலத் திரைகளை நடுவில் சட்டம் இல்லாமல் ஒட்டிவைத்ததற்குச் சமம். “49 அங்குலம்” என்றதும் வீட்டுத் தொலைக்காட்சி மாதிரி உயரமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கூடியிருப்பது அகலம் மட்டுமே.

திரை ஏன் வளைந்திருக்கிறது? 80 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து 120 சென்டிமீட்டர் அகலத்தைப் பார்த்தால், இரண்டு ஓரமும் கண்ணுக்குச் சாய்வாகவும் தொலைவாகவும் இருக்கும். வளைவு அந்தத் தொலைவைக் குறைக்கிறது. விவரப் பட்டியலில் 1800ஆர் என்றிருந்தால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு என்று பொருள். வளைத்தாலும் தலையைத் திருப்பாமல் இரண்டு ஓரத்தையும் படிக்க முடியாது. முதல் வாரம் எனக்குக் கழுத்துவலி. தினமும் படிப்பதை நடுவிலும், எப்போதாவது பார்ப்பதை ஓரத்திலும் வைத்த பிறகுதான் சரியானது.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 5120 × 1440 என்பது 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல். வழக்கமான 1920 × 1080 திரையைப்போல மூன்றரை மடங்கு. பழைய கணினியின் இணைப்புவாயில் அதைத் தாங்காவிட்டால் குறைந்த அளவுப் படத்தையே அனுப்பும். அந்தப் படத்தைத் திரை முழுக்க இழுத்துக் காட்டும்படி அமைத்திருந்தால் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் வீங்கிவிடும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரியும் திரையை வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்த முடியாது அல்லவா?

கரும்பலகையும் ஓலையும்

அகலமான பரப்பு நமக்குப் புதிதல்ல. பேராக்கில் பல தமிழ்ப்பள்ளிகள் ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஒரே கூடம், ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். இன்றும் 150 பேருக்கு மேற்படாத குறைந்த மாணவர் பள்ளிகளில் கூட்டு வகுப்பு நடத்தியவர்களுக்கு அந்த நிலைமை தெரியும். நீண்ட கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் நெடுக்காகக் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு வகுப்புக்கு, அந்தப் பக்கம் இன்னொரு வகுப்புக்கு எழுதுவார்கள். ஒரே வாக்கியத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்து எழுதும் ஆசிரியரை யாரும் பார்த்திருக்க மாட்டோம். அகலம் இருந்தால் பிரித்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

அதற்கும் முன்னால் பனையோலை. ஒன்று ஒன்றரை அடி நீளம், மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரம் கொண்ட சுவடிக்கு முன்னால் 32:9 ஒன்றுமே இல்லை. ஆனால் ஓலையில் வாசிப்பது எளிதாக இருந்ததா? செய்யுளை அடி பிரிக்காமல், சொல்லுக்கு இடையே இடம் விடாமல் நீட்டி எழுதினார்கள். மெய்க்குப் புள்ளி வைப்பதும் அரிது. ஆசிரியரிடம் பாடம் கேட்டவருக்கே அது வசப்பட்டது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு வந்தன. ஒரு சுவடி ஒரு பாடத்தையே காட்டும். இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எது மூலம், எது ஏடு எழுதியவரின் கைப்பிழை என்ற கேள்வியே பிறக்கும்.

ஆக, அகன்ற பரப்புக்குத் தமிழில் இரண்டு வழி தெரிகிறது. ஒரே வரியை நீட்டுவது ஒரு வழி. பலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இன்னொரு வழி. என் தீர்ப்பும் இந்த இரண்டையும் ஒட்டித்தான்.

வரியை நீட்டினால்

கட்டுரை ஒன்றைத் திறந்து திரை முழுக்க விரித்துப் பாருங்கள். ஏ4 தாளில் வழக்கமான எழுத்தளவில் வரிக்கு ஏழெட்டுச் சொல் வரும். 120 சென்டிமீட்டர் திரையில் அதே எழுத்தளவில் ஐம்பது அறுபது சொல் ஒரே வரியில் ஓடும். அகல வரம்பு வைக்காமல் செய்த பழைய இணையப் பக்கங்கள் இப்படித்தான் விரிகின்றன. ஒரு வரியின் முடிவுக்குப் போன கண் அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். தொலைவு கூடக் கூட, படித்த வரிக்கே திரும்புவோம். இல்லையென்றால் ஒரு வரியைத் தாண்டிவிடுவோம்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர். “நிரைக்குள்ள போறப்போ மரம் தப்பாது, நிரை மாறுற இடத்துலதான் தப்பும்” என்பார். படிக்கும் கண்ணும் அப்படித்தான். வரிக்குள் தடுமாறுவதில்லை, வரி மாறும் இடத்தில்தான் தடுமாறுகிறது.

இணையப் பக்கங்கள் எல்லாருக்கும் படிக்க எளிதாக இருப்பதற்கான பன்னாட்டு வழிகாட்டி, ஒரு வரி 80 எழுத்துருவைத் தாண்டாமல் இருப்பதைச் சிறந்த நிலையாகச் சொல்கிறது. சீன, சப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு 40. தமிழில் சொற்கள் நீளம். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது ஒரே சொல்தான். வரிக்கு எட்டுப் பத்துச் சொல் என்ற அச்சுநூல் அளவே நமக்குப் போதுமான வழிகாட்டி. அந்த வகையில் அகன்ற திரை, உரைநடை வாசிப்புக்குத் தானாக எந்த நன்மையும் செய்வதில்லை. நாம் சன்னலைச் சுருக்கினால்தான் அது படிக்கத் தகுந்த திரையாகிறது.

செய்யுளுக்கு அகலம் வேண்டும்

செய்யுள் வேறு கதை. உரைநடையின் வரி தாளின் அகலத்தால் முடிகிறது. செய்யுளின் அடி சீர்க் கணக்கால் முடிகிறது. எங்கே மடக்கினாலும் சரி என்று விட முடியாது.

குறளையே எடுத்துக்கொள்வோம். முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் மாணவருக்கு நான்காம் சீர் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடும். அதைப் பார்த்து எழுதிய பயிற்சிப் புத்தகங்களில் குறள் மூன்று வரியாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். மாணவர் தவறாக மனப்பாடம் செய்யவில்லை. தான் கண்டதைச் சரியாக எழுதினார், கண்டதுதான் தவறு.

யாப்பு படிக்கும் மேல்நிலை மாணவருக்குச் சிக்கல் இன்னும் பெரிது. ஆறும் அதற்கு மேலும் சீர் கொண்ட அடி கழிநெடிலடி. எண்சீர் விருத்தத்துக்கு நான்கு அடி, அடிக்கு எட்டுச் சீர். புத்தகத்தில் இடம் போதாமல் ஒவ்வோர் அடியையும் இரண்டாக மடக்கி அச்சிடுவார்கள். பார்வைக்கு எட்டு வரி. “இதுக்கு எட்டு அடி” என்று மாணவர் எழுதினால் யாரைக் குறை சொல்வது? எதுகை அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்தில் அமைவது. எட்டு வரியிலும் அதைத் தேடுகிறவருக்கு ஒன்று விட்டு ஒரு வரியில்தான் கிடைக்கும், குழம்பிப்போவார். மடக்கிய வரியின் தொடக்கம் ஐந்தாம் சீர். முதற்சீரோடு அது மோனையால் இணைந்து வருவதைத்தான் அங்கே பார்க்க வேண்டும். நான்கு அடியையும் நான்கே வரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள்: எதுகை இடப்பக்கம் மேலிருந்து கீழாக இறங்கும், மோனை வரிக்குள் குறுக்காக ஓடும். விளக்கமே தேவைப்படாது.

இங்கே அகன்ற திரைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாமா? பொறுங்கள். எட்டுச் சீரை ஒரே வரியில் காண 120 சென்டிமீட்டர் வேண்டியதில்லை. சாதாரண மடிக்கணினியிலேயே எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கிவிடும்; தாளைக் குறுக்காகத் திருப்பி அச்சிட்டாலும் அடங்கும். செய்யுளுக்குத் தேவை போதிய அகலம். அது அகன்ற திரைக்கு மட்டுமே சொந்தமானதல்ல.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

இந்தத் திரை எனக்குச் செய்த உண்மையான உதவி கட்டுரை திருத்தும்போதுதான் வெளிப்பட்டது.

வழக்கமாக எப்படித் திருத்துகிறோம்? முப்பது கட்டுரை அடுக்கி இருக்கும். ஒன்றை எடுத்து, திருத்தி, புள்ளி போட்டு, அடுத்தது. அன்று மாணவர்கள் படம்பிடித்து அனுப்பிய கட்டுரைகளைத் திரையில் திறந்தேன். இடம் நிறைய இருந்ததால், வகுப்பில் “கோடு கோடா ஓடுது” என்று எழுதிய அதே மாணவியின் இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று ஆண்டின் தொடக்கத்தில் எழுதியது. மற்றது சோதனைத் தேர்வுக்கு எழுதியது.

முதல் கட்டுரையில் ர/ற, ல/ழ/ள பிழைகள் ஏராளம். வலிமிகும் இடங்களில் பெரும்பாலும் வலி மிகவில்லை. இரண்டாவதில் பிழை பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. பத்தி பிரிப்பு சரி. முன்னுரை, முடிவுரை சரி. இடையில் இரண்டு பழமொழி. புள்ளியும் கூடியிருந்தது. முதல் பார்வைக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. முதல் கட்டுரையில், தோட்டத்தை விட்டு வரும்போது பாட்டி பால்வாளியை மட்டும் விடாமல் கொண்டுவந்ததையும், இப்போது அடுக்குமாடி வீட்டில் அதில் கறிவேப்பிலைச் செடி வளர்வதையும் பிழைபிழையாக எழுதியிருந்தாள். இரண்டாவது கட்டுரையில் பாட்டி இல்லை. வாளியும் இல்லை. “இன்றைய நவீன உலகில்” என்று தொடங்கி, எந்தப் பயிற்றியிலும் காணக்கூடிய வாக்கியங்களால் முடிந்திருந்தது. பிழையைத் திருத்தும்போது அவள் குரலையும் சேர்த்தே நான் அழித்திருக்கிறேன். தனித்தனியாகத் திருத்திய இரண்டு நாளும் இது எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது கட்டுரையில் “நல்ல முன்னேற்றம்” என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன்.

சுவடி ஒப்பிட்டவர்கள் செய்ததும் அளவில் பெரிதான இதே வேலைதான். ஒன்றைப் பார்த்தால் பிழை தெரியும். இரண்டைப் பார்த்தால்தான் எது போயிற்று என்று தெரியும்.

அடுத்த வாரம் அவளை அழைத்து முதல் கட்டுரையைக் கொடுத்தேன். “இதுல உள்ள பாட்டியை அதுல கொண்டுவா. பிழையில்லாம கொண்டுவா, அவ்வளவுதான்” என்றேன். “அதெல்லாம் தேர்வுல எழுதலாமா டீச்சர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான்தான் காரணம். தலைப்போடு பொருந்தும் சொந்த எடுத்துக்காட்டுக்கு எந்தத் தேர்விலும் தடையில்லை என்பதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

இங்கேயும் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பயிற்சிப் புத்தகங்களை மேசையில் விரித்து வைத்திருந்தாலும் இது தெரிந்திருக்கும். நான் விரித்து வைக்கவில்லை. இடம் சும்மா கிடந்ததால்தான் வைத்துப் பார்க்கத் தோன்றியது. எனக்குக் கிடைத்தது ஒரு நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்துக்குத் திரை கட்டாயமில்லை.

வாங்கலாமா?

வினாத்தாள் தயாரிப்பவர், இதழ் தொகுப்பவர், இரண்டு உரைகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதும் பயிற்சி ஆசிரியர் ஆகியோருக்கு இந்தத் திரை உண்மையாகவே உதவும். மூன்று ஆவணங்களை முழு அளவில் ஒரே நேரத்தில் பார்க்கலாம். விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையோடு இசட் எழுத்தை அழுத்தினால் திரையை மூன்றாகப் பிரிக்கும் அமைப்புகள் வரும். முதல் நாளே இதைப் பழகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரே சன்னலை நீட்டி வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வோம்.

சில ஆயிரம் ரிங்கிட் செலவழிக்க மனமில்லாதவர்கள் சாதாரணத் திரை ஒன்றை மடிக்கணினியோடு இணைத்து இரண்டு திரையாக்கலாம். நடுவில் சட்டம் தெரியும். ஒப்பிடும் வேலைக்கு அது தடையே இல்லை. ஒரு பக்கம் மாணவர் கட்டுரை, மறுபக்கம் விடைக்குறிப்பு என்று எல்லை பிரித்தாற்போலவும் இருக்கும்.

வகுப்பறைக்காகவோ இயங்கலை வகுப்புக்காகவோ பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பின்வரிசை மாணவருக்குத் தேவை உயரமும் எழுத்தின் அளவும். இந்தத் திரையில் கூடியிருப்பது அகலம் மட்டும். இயங்கலையில் நிலைமை இன்னும் மோசம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, ஒரே கைப்பேசியை அண்ணன், தங்கை மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகளை நாம் எல்லாரும் அறிவோம். நம் திரை எவ்வளவு பெரிதானாலும் அந்த வீட்டில் பாடத்தின் அளவை அந்தக் கைப்பேசிதான் தீர்மானிக்கிறது. அகன்ற திரை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் முழுத் திரையைப் பகிராமல் ஒரு சன்னலை மட்டும் பகிருங்கள். அந்தச் சன்னலையும் குறுக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு ஐந்தாறு சொல் வருமாறு வையுங்கள். பகிர்வதற்கு முன் உங்கள் கைப்பேசியிலும் வகுப்புக்குள் நுழைந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. அதை அன்று நான் செய்திருந்தால் அந்த மாணவி அப்படி எழுத வேண்டியிருக்காது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு எந்தத் திரையும் வேண்டாம். இந்த வாரம் உங்கள் பழைய கட்டுரை ஒன்றையும் புதிய கட்டுரை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் எந்தப் பிழைகள் குறைந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு, பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன நல்ல செய்தி ஏதாவது உண்டா என்று தேடுங்கள். இருந்தால் அடுத்த கட்டுரையில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அந்த மாணவி கொண்டுவந்துவிட்டாள். வாளியில் கறிவேப்பிலை இன்னும் வளர்கிறது. ‘ற’கரம் ஒரே ஓர் இடத்தில்தான் தவறியிருந்தது.